மெழுகுப் பீப்பாயில் போட்ட மெட்டி

சுகந்தி,

உன் கேள்விக்குப் பதில்: தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரியும். நாள் தள்ளிப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. காலையில் பல் விளக்கும்போதே குமட்டியது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு ஒரு சந்துகூட இல்லை. விடையை முதலில் எழுதிவிட்டு வழியைப் பின்னால் எழுதுகிற மாணவிகளுக்கு நான் மதிப்பெண் குறைப்பேன் என்பது உனக்குத் தெரியும். இன்றைக்கு எனக்கே குறைத்துக்கொள்கிறேன். ஆனால் விடையை மட்டும் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. தப்பு விடையில் இல்லை, வழியில் இருக்கிறது.

மாப்பிள்ளை நேற்று மதியம் பம்பாயிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் உன் கடிதத்தை எடுத்து நீட்டினார். "என்ன அத்தை, உங்க மக நாலு பக்கம் எழுதி, கோந்து போட்டு, அதுக்கு மேல டேப்பும் ஒட்டியிருக்கா. எனக்கு எதிரா மனு கினு குடுத்திருக்காளா?" என்று சிரித்தார். "மனு இல்ல மாப்பிள்ளை, பாடத்துல சந்தேகம் கேட்டிருப்பா" என்றேன். "அவளுக்கா சந்தேகம்? தினம் ராத்திரி சோத்தோட சேத்து எனக்குத்தான் வகுப்பு எடுக்கிறா. நியூட்ரான் கூடிப்போனா உடம்பு தாங்காதாமே!" என்றார். உன் அப்பாவும் சிரித்தார். நான் அடுப்படிக்குப் போய் உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். ஏப்ரல் முதல் வாரம் அணு உலையில் உங்கள் குழுவின் முறை வருகிறது, மூன்று வருடம் காத்திருந்து கிடைத்தது. உனக்கு வயிற்றில் ஏழு வாரம். குழுவில் ஒருவருக்கும் தெரியாது; தெரிந்தால் வெளியே உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்வார்கள். மாப்பிள்ளைக்கும் தெரியாது, தெரிந்தால் தடுப்பார். போன முறை இங்கே வந்தபோது அலமாரியில் என் பழைய சோதனை நோட்டைப் பார்த்தாய். அதில் ஐப்பசி மாதத் தேதி போட்டிருந்தது. நீ வைகாசியில் பிறந்தவள். விரல் விட்டு எண்ணினாய். கடைசியில் இப்படி எழுதியிருந்தாய்: "உனக்குத் தெரிந்தே செய்திருந்தால், நானும் செய்யலாம் இல்லையா அம்மா? நான் நன்றாகத்தானே இருக்கிறேன்?"

நீ கேட்டது சந்தேகம் இல்லை, அனுமதி. என் நோட்டை அதற்குச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறாய். அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். என்ன இல்லை என்பதை இப்போது எழுதுகிறேன். சில இடங்களில் உனக்கு நன்றாகத் தெரிந்ததையே விளக்கி எழுதுவேன். அதற்குக் காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் கல்லூரியில் இயற்பியலுக்கு முதுகலை வகுப்பு கிடையாது. பெண்களுக்கு அதெல்லாம் எதற்கு என்ற பேச்சு நிர்வாகத்திலேயே இருந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டு உதவித் திட்டத்தில் எங்களுக்கு நியூட்ரான்களை உமிழ்கிற மூலம் ஒன்று வந்து சேர்ந்தது. சுண்டுவிரல் அளவு உலோகக் குழல். உள்ளே ரேடியமும் பெரிலியமும். அதை ஒரு பெரிய தகரப் பீப்பாயில் மெழுகை உருக்கி ஊற்றி, நடுவில் துளை விட்டு, அதற்குள் வைத்திருந்தோம். பீப்பாய்க்குள் இருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும். சோதனை செய்யும்போது, பீப்பாயின் ஆழத்திலிருந்து இடுக்கியால் பிடித்து மேல் துளைக்கு மாற்ற வேண்டும். மாற்றுகிற அந்த அரை நிமிடம் கையும் உடம்பும் அதன் கதிர்வீச்சுக்கு நேரே இருக்கும். முதுகலை வகுப்பு தொடங்கலாமா என்று பார்க்க வெளியூரிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. அவர்களுக்கு முன்னால் செய்து காட்ட எங்களிடம் இருந்த ஒரே பெரிய சோதனை இதுதான். அதைச் செய்யத் தெரிந்த ஒரே ஆள் நான்.

எனக்கு முன்னால் ஒரு ஆசிரியை இருந்தார், என்னைவிடக் கெட்டிக்காரி. மாசமாக இருக்கிறேன் என்று துறைத் தலைவியிடம் சொன்ன மறுவாரமே அவரை நூலகப் பொறுப்புக்கு மாற்றினார்கள். "உடம்பைப் பாத்துக்கங்கம்மா" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். பிள்ளை பிறந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் அவர் ஆய்வகத்துக்குத் திரும்பவில்லை. அதைப் பார்த்திருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. ஆகவே உன் பயம் எனக்குப் புரியாதது அல்ல. அதை நான் அப்படியே அறிவேன், வரி வரியாக.

குழு வருவதற்கு முந்தைய நாள். சோதனைக்கு வேண்டிய வெள்ளித் தகடு பம்பாயிலிருந்து வந்து சேரவில்லை. தபாலில் எங்கோ கிடந்தது. வெள்ளியில்தான் அந்தச் சோதனை அழகாக வரும். பீப்பாய்க்குள் வெள்ளியை வைத்தால் அதன் அணுக்கருக்கள் சில ஆளுக்கொரு நியூட்ரானை விழுங்கும். விழுங்கியது கூடிப்போனால் நிலைக்க முடியாது. உள்ளே இருக்கும் நியூட்ரான் ஒன்று புரோட்டானாக மாறி, ஒரு எலக்ட்ரானை வெளியே தள்ளிவிடும். அத்தோடு அது வெள்ளி இல்லை, காட்மியம். ஒரு படி ஏறிவிட்டது. இருபத்து நாலு வினாடிக்கு ஒருமுறை பாதியாகிற கூட்டம் ஒன்று, இரண்டரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்கிற கூட்டம் ஒன்று என இரண்டும் சேர்ந்து தேயும். எண்ணும் கருவியின் சத்தத்திலேயே அதைக் கேட்கலாம். ஆனால் கையில் வெள்ளி வேண்டுமே. நான் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தவள், குனிந்து என் காலைப் பார்த்தேன்.

ஆய்வக உதவியாளர் பொன்னுச்சாமி அப்போது பக்கத்தில் நின்றார். உனக்கு அவரை நினைவிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு நீ ஆய்வகத்துக்கு வந்தால் லாடக் காந்தத்தை எடுத்துக் கொடுத்து "வாங்க குட்டி டீச்சர்" என்று கூப்பிடுவாரே, அவர்தான். கீழக்குயில்குடியிலிருந்து தினமும் சைக்கிளில் வருவார். நான் மெட்டியைக் கழற்றுவதைப் பார்த்ததும் பதறிப்போனார். "டீச்சரம்மா, என்ன காரியம் பண்றீக! அதெல்லாம் கழட்டக்கூடாது."

"அரை மணி நேரம்தான், பொன்னுச்சாமி."

"அரை மணியோ அரைக்கா மணியோ, நல்லாவா இருக்கும்? நான் வேணா தெற்குமாசி வீதிக்கு ஓடி, ஒரு வெள்ளிக்காசு வாங்கியாரேன்."

"போய் வர ஒரு மணி நேரமாகும். குழு நாளைக்கு வருது."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் மனசு கேட்காமல், "சரி, போட்டதுதான் போட்டீக. வெள்ளி சுத்தமா, இல்ல ஆசாரி செம்பு கலந்து ஏமாத்திட்டானான்னு அந்த மிசினு சொல்லுமான்னு பாருங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன். குழலை இடுக்கியால் பிடித்து மேலே மாற்றியது நான்தான். இரண்டு மெட்டிகளையும் நூலில் கட்டிப் பீப்பாய்க்குள் இறக்கினோம். கால் மணி கழித்து எடுத்துக் கருவிக்கு அடியில் வைத்தேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து வினாடிக்கு ஒருமுறை "ம்" என்றார், நான் எண்ணை எழுதினேன். வறுசட்டியில் கடுகு வெடிப்பதுபோல் தொடங்கிய சத்தம் மளமளவென்று குறைந்தது. இருபது நிமிடம் ஆனபோது சத்தம் எப்போதும் இருக்கிற பின்னணி அளவுக்கு வந்துவிட்டது. அந்தப் பக்கத்தைத்தான் நீ பார்த்திருக்கிறாய். வளைகோடு நன்றாக வந்திருக்கும். என் வாழ்க்கையில் நான் வரைந்தவற்றிலேயே நல்ல வளைகோடு அது.

மெட்டியைத் திரும்ப மாட்டுவதற்குள், வாசலில் உன் அத்தை. உசிலம்பட்டியிலிருந்து வந்தவர், தம்பி வீட்டுக்குக் கொண்டுவந்த உளுந்துப் பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று கல்லூரிக்கே வந்துவிட்டார். என் காலைப் பார்த்தார். "ஏத்தா, மெட்டி எங்க?" "பீப்பாய்க்குள்ள போட்டு எடுத்தேன் மதினி, இதோ இருக்கு." "பீப்பாய்க்குள்ளயா? என் தம்பி குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கான்டி! படிச்ச திமிரு இம்புட்டா போகும்?" என்று வராந்தாவே அதிரக் கத்தினார். மாணவிகள் ஜன்னலில் கூடிவிட்டார்கள். அன்று தொடங்கிய கதை நம் வீட்டில் எந்தக் கல்யாணத்திலும் விட்டுப்போனதில்லை. உன் கல்யாணத்தில்கூடச் சம்பந்தி வீட்டாரிடம் அத்தை சொல்லிச் சிரித்தார்: "இவுகதான் மெட்டியக் கழட்டிச் சோதன போட்ட மகராசி." இருபத்தேழு வருடமாக எல்லோரும் அந்த வெறும் கால்விரலைப் பற்றித்தான் பேசினார்கள். பீப்பாயைப் பற்றியும் வயிற்றைப் பற்றியும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது. மெட்டிக் கதையை மறுக்காமல் நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

ஒரே ஒருவர் கேட்டார். அத்தை போன பிறகு, மறுநாளைக்காகப் பீப்பாயின் மேல்மெழுகைக் கொஞ்சம் உருக்கிச் சரிசெய்துகொண்டிருந்தோம். அந்த வாசனை எனக்கு ஆகவில்லை. வெளியே ஓடி வாந்தி எடுத்துவிட்டு வந்தேன். பொன்னுச்சாமி ஒரு சொம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றார். "எத்தன மாசம் டீச்சரம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் சொம்பை வாங்கி வாய் கொப்பளித்தேன். "எனக்கு நாலு புள்ளைக. மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?" என்றார். "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றேன். "நானாச் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியது நீங்கதான்" என்றார். பிறகு என் கையிலிருந்து இடுக்கியை வாங்கிக்கொண்டார். "கிட்டப் போகக்கூடாதுன்னு நீங்கதான் பிள்ளைகளுக்குச் சொல்லுவீக. இனிமே குழலை நான் மாத்துறேன். நீங்க சுவரு ஓரமா நின்னு சொல்லுங்க, போதும்."

மறுநாள் குழுவுக்கு முன்னால் அப்படித்தான் செய்தோம். வகுப்பு கிடைத்தது. நான் ஏழாம் மாதம் விடுப்பில் போகும்வரை குழலை அவர்தான் மாற்றினார். நீ பிறந்தாய். விரல்களை எண்ணினேன், கண்ணைப் பார்த்தேன், ஒவ்வொரு காய்ச்சலிலும் உன் உடம்பைத் தடவிப் பார்த்தேன். உனக்கு ஏழு வயதில் மூக்கில் இரத்தம் வந்ததே, கோடை வெயிலுக்கு வருவதுதான் என்று டாக்டர் சொல்லியும் மூன்று நாள் நான் சாப்பிடவில்லை. ஏன் என்று உன் அப்பாவுக்குப் புரியவில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய். கணக்குப் போட்டுப் பார்த்தால், அன்று உனக்குச் சேர்ந்த அளவு மிகச் சிறியதாகத்தான் வருகிறது. ஆனால் அந்தக் கணக்கை நான் போட்டது நீ பிறந்து பல வருடங்களுக்குப் பிறகு. முன்னால் போட்டிருக்க வேண்டிய கணக்கு அது. நீ நன்றாக இருப்பது சான்று அல்ல சுகந்தி. அது ஒரே ஒரு எண்ணிக்கை. ஒரு எண்ணிக்கையை வைத்து யாராவது வளைகோடு வரைந்தால் நீ என்ன செய்வாய்? தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவாய்.

என்னுடையது ஒரு சுண்டுவிரல் குழல். உன்னுடையது உலையிலிருந்து அப்போதுதான் வெளியே வருகிற சரக்கு, வினாடிகளில் தேய்வது, அதனாலேயே உக்கிரமானது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே. உன் வேலை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாமல் இதை எழுதவில்லை. இரும்புவரை நட்சத்திரம் தன் அடுப்பிலேயே சமைத்துக்கொள்ளும். அதற்கு மேலே அந்த அடுப்பில் வேகாது. பொன்னும் யுரேனியமும் உண்டாக, வெள்ளம்போல் நியூட்ரான் பாய வேண்டும். செரிப்பதற்குள் அடுத்ததை விழுங்கி விழுங்கிக் கருக்கள் பெருத்துப்போக வேண்டும். வெள்ளம் வடிந்ததும் அவை நியூட்ரான்களை ஒவ்வொன்றாகப் புரோட்டானாக மாற்றி, படி ஏறி, பொன்னிலோ பிளாட்டினத்திலோ வந்து உட்காரும். எந்தப் படியில் எவ்வளவு நேரம் தங்கும் என்று தெரிந்தால்தான் எது எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியும். அந்தப் படிகளில் இதுவரை ஒருவரும் அளக்காத ஒன்றிரண்டை நீ அளக்கப்போகிறாய். வெடிக்கிற நட்சத்திரத்தில் இது நடக்கிறது என்கிறார்கள், செத்துப்போன இரண்டு நட்சத்திரங்கள் மோதும்போது என்றும் சிலர் சொல்கிறார்கள். இரண்டையும் நான் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஒருவரும் பார்க்கவில்லை. தென்வானத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது, பம்பாயிலிருந்து தெரியாது, நீயாவது பார் என்று போன மாதக் கடைசியில் எழுதியிருந்தாயே, நான்கு நாள் விளக்கு வைத்த பிறகு மொட்டை மாடியில் ஏறித் தெற்கே பார்த்தேன். கே.கே. நகர் விளக்குகளும் புழுதியும்தான் தெரிந்தன. பார்த்ததாகச் சொல்ல மாட்டேன்.

இனி நோட்டில் இல்லாதது. விடுப்பு முடிந்து நான் திரும்பி வந்தபோது இடுக்கியைப் பொன்னுச்சாமியிடமிருந்து திரும்ப வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. முதல் மாதம், பால் கொடுக்கிறவள் என்று அவரே தரவில்லை. பிறகு நான் கேட்கவில்லை. பழகிவிட்டது. ஐந்து மாத ஏற்பாடு பன்னிரண்டு வருட வழக்கமானது. ஏன் அந்த வேலையை அவர் செய்கிறார் என்று யாருக்கும் தெரியாது. காரணம் என் வயிற்றில் தொடங்கியது, அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் அதைச் சரிசெய்ய யாராலும் முடியவில்லை. அவருக்கு இடுக்கியை நீட்டிப் பிடிக்கவும் வேகமாக மாற்றவும் சொல்லிக் கொடுத்தேன். குழலில் என்ன இருக்கிறது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. "அது நம்ம ஊரு மலையடிவாரத்துச் சாமி மாதிரி டீச்சரம்மா. சும்மா இருந்தா ஒண்ணும் பண்ணாது, கிட்ட நின்னு வம்பு பேசக்கூடாது" என்பார். நான் சிரிப்பேன். இத்தனை வருடம் மற்றவர்களுடைய நம்பிக்கைகளைக் கேள்வி கேட்டு வந்தவள், அந்த ஒரு நம்பிக்கையை மட்டும் திருத்தவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆய்வகங்களுக்குக் கதிரளவுப் பட்டைகள் வந்தன. சட்டையிலோ சேலையிலோ குத்திக்கொள்ள வேண்டும், உள்ளே ஒரு பிலிம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பினால், எவ்வளவு பட்டிருக்கிறது என்று தாள் வரும். யார் யாருக்குப் பட்டை வேண்டும் என்று பட்டியல் கேட்டார்கள். ஆசிரியர்களின் பெயரை எழுதி நான்தான் கையெழுத்துப் போட்டேன். உதவியாளர் பெயரை எழுத வேண்டும் என்று தோன்றவேயில்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. எழுதினால், குழலைத் தூக்குவது அவரா, எப்போதிருந்து, ஏன் என்று கேள்வி வரும் என்றும் தோன்றியது. பட்டை என் சேலையில் இருந்தது. குழல் அவர் கையில் இருந்தது. ஒவ்வொரு முறையும் என் தாள் சுத்தமாக வந்தது. அதைக் கோப்பில் போட்டு வைத்தேன்.

நீ ஒன்பதாம் வகுப்பு படித்தபோது அவர் இறந்தார். ஒரு வருடமாகச் சோர்வு, அடிக்கடி காய்ச்சல், ஈறில் இரத்தம். நான் பார்க்கப் போனது இறப்பதற்குப் பத்து நாள் முன்பு. கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார், எலும்பும் தோலுமாக. "குட்டி டீச்சர் நல்லாப் படிக்குதா?" என்றுதான் முதலில் கேட்டார். அவர் மனைவி ஒரு மஞ்சள் பையிலிருந்து ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். "ரத்தத்துல என்னமோங்காக. என்னன்னு வெளங்கச் சொல்ல மாட்டேங்காக. இங்கிலீசுல எழுதியிருக்கு. நீங்க படிச்சவுக, பாத்துச் சொல்லுங்க தாயி."

நான் அந்தச் சீட்டை வாங்கினேன். அதன்மேல் கண்ணை வைத்தேன், ஆனால் படிக்கவில்லை. அப்படியும் ஒருவரால் முடியும், மகளே. எழுத்து முன்னால் இருக்கும்போது அதைக் கோடாக மட்டும் பார்க்க முடியும். "டாக்டர் கையெழுத்து, எனக்கே புரியலை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். பொன்னுச்சாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் என்னைக் கேள்வி கேட்டவர் அல்ல, ஒரே ஒருமுறையைத் தவிர.

அவருக்கு வந்த நோய் அந்தக் குழலால் வந்தது என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தெரியாது. குழலைத் தொடாதவர்களுக்கும் இரத்த நோய் வருகிறது. ஒரு தனி அணுக்கரு எந்த நிமிடத்தில் உடையும் என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது, கோடிக்கணக்கில் சேர்த்து வைத்தால்தான் கணக்கு பேசும் என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்கிறேன். மனிதருக்கும் அதுவே பொருந்தும் என்று என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்தேன். பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் நான் அளக்க முடியாததால் தெரியாமல் இருக்கவில்லை. அளக்கக் கூடியதை அளக்காமல் விட்டதால் தெரியாமல் இருக்கிறேன். பட்டையை அவருக்குக் கொடுக்கவில்லை, சீட்டைப் படிக்கவில்லை. இரண்டும் என் கையில் இருந்தன. எதையும் ஆதாரம் இல்லாமல் ஏற்காதவள் என்று உன்னிடம் பெருமையடித்துக்கொண்டவள், எனக்கு எதிரான ஆதாரம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடிக்குப் போகப்போகிறேன். அந்த அம்மாள் இன்னும் இருக்கிறார், மூத்த மகனோடு. மஞ்சள் பை இருந்தால் சீட்டைக் கேட்டு வாங்கிப் படிப்பேன். இல்லாவிட்டாலும் நடந்ததை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். மன்னிப்பார் என்ற எதிர்பார்ப்பில் போகவில்லை.

ஆகவே உன் கேள்வியை நான் இப்படித் திருத்துகிறேன். அம்மா தெரிந்தே செய்தாளா என்பது கேள்வி இல்லை. நீ மறைத்தால், அந்த மறைவுக்குப் பின்னால் யார் நிற்கப்போகிறார்கள் என்பதுதான் கேள்வி. உனக்கு அங்கே தலை சுற்றும். யாராவது கவனிப்பார்கள். நல்ல மனிதராக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் உன் கையிலிருந்து இடுக்கியை வாங்கிக்கொள்வார். நீயும் கொடுத்துவிடுவாய், ஏனென்றால் நீ என் மகள். குழுத் தலைவரிடம் நீயே சொல். எழுத்தில் சொல். வெளியே உட்காரச் சொன்னால் உட்கார், ஆனால் அளவீட்டில் உன் பெயர் இருக்க வேண்டும் என்று சண்டை போடு. அதற்கு நானும் வந்து நிற்கிறேன். உன் இடத்தில் உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும், பெருக்குகிறவராக இருந்தாலும், அவர் சட்டையில் பட்டை இருக்கிறதா என்று பார். எதைத் தூக்குகிறார் என்று அவருக்குப் புரிகிற தமிழிலோ இந்தியிலோ சொல். முறை போய்விடும், மூன்று வருடம் வீணாகிவிடும் என்கிறாய். போகலாம். எனக்கு முன்னால் இருந்த அந்த ஆசிரியைக்குப் போனதுபோல் ஒரேயடியாகவே போகலாம். போகாது என்று ஆறுதல் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. போனாலும் சொல்லத்தான் வேண்டும்.

பொன்னுச்சாமி ஒரு விஷயத்தில் தப்புச் செய்தார். "சொல்ல வேண்டியது நீங்கதான்" என்று என்னிடமே விட்டுவிட்டார். அதை மரியாதை என்று நினைத்தார். மரியாதைதான். ஆனால் என்னிடம் விட்டதால்தான் நான் சொல்லவேயில்லை. நேற்றிலிருந்து நான் யோசித்தது இதை மட்டும்தான். மாப்பிள்ளையிடம் சொல்லாதே என்று நீ எழுதியிருக்கிறாய். அவரைப்போல நானும் உன்னிடமே விட்டுவிடலாம். உன் கடிதத்தைப்போலவே கோந்து போட்டு, டேப் ஒட்டி, மாப்பிள்ளை கையிலேயே கொடுத்தனுப்பலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவர் பத்திரமாகச் சுமந்துகொண்டு வருவார். தெரியாமல் சுமக்க ஒருவரை ஒருமுறை விட்டுவிட்டேன். இன்னொருமுறை விடமாட்டேன். உனக்குத் தெரிந்ததையெல்லாம் இவ்வளவு விளக்கமாக எழுதியதற்குக் காரணம் இதுதான். நீ கோபப்படுவாய். ஒரு வருடம் என்னோடு பேசாமல் இருந்தாலும் இருப்பாய். இரு.

இந்த வரியை எழுதும்போது மாப்பிள்ளை வாசற்படியில் வந்து நிற்கிறார். பெட்டி கட்டியாகிவிட்டது, நாளைக் காலை ரயில். "என்ன அத்தை, மதியத்திலேருந்து எழுதுறீங்க, நோட்டு முடிஞ்சிருச்சா? இந்தாங்க கோந்து" என்று புட்டியை நீட்டினார்.

"கோந்து வேண்டாம் மாப்பிள்ளை. இது ஒட்டாத கடிதம். ரயில்ல உக்காந்து மொதல்ல நீங்க படிங்க. அப்புறம் அவகிட்டக் குடுங்க."

"நானா? உங்க மக என்னயக் கொன்னுருவா அத்தை" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல நின்றது. புட்டியைக் கையில் பிடித்தபடி இன்னும் அங்கேயே நிற்கிறார்.